ரொட்டி மாவுக்குள் ஓர் ஆஸ்பத்திரி!

காலையில் காப்பியுடன் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிடுகிறீர்கள். பஞ்சுபோல் உப்பியிருக்கும் அந்த ரொட்டியில் சிறு சிறு துளைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தத் துளைகளைப் போட்டது யார்? ஈஸ்ட் என்ற நுண்ணுயிர். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அது வெளிவிட்ட கரியமில வாயுதான் மாவை உப்ப வைத்தது. அடுப்புச் சூட்டில் ஈஸ்ட் மடிந்துவிட்டது. அது செய்த வேலை மட்டும் ரொட்டியில் நிலைத்து நிற்கிறது.

ரொட்டிக் கடைக்காரருக்கு ஈஸ்ட் ஒரு வேலையாள். விஞ்ஞானிகளுக்கோ அது ஒரு வாத்தியார்! புற்றுநோய் ஏன் வருகிறது? சில குடும்பங்களில் மட்டும் தாய்க்கும் மகளுக்கும் பேத்திக்கும் அது ஏன் தொடர்ந்து வருகிறது? அதை எந்த இடத்தில் அடித்தால் விழும்? இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்துள்ள விடைகளில் ஒரு பெரும் பகுதி, ரொட்டி மாவில் வாழும் இந்தச் சின்னஞ்சிறு உயிரிடமிருந்து கற்றுக்கொண்டதுதான் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

ஈஸ்ட் கற்பித்த பாடம் இதுதான்: அறுந்துபோன உயிர் நூலை ஒட்டிக்கொள்வது எப்படி?

முறுக்கிய நூலேணி

ஈஸ்ட் ஓர் ஒற்றை உயிரணு. ஒரு மில்லி மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய இருநூறு ஈஸ்ட்களை வரிசையாக நிறுத்தி வைக்கலாம். ரொட்டிக் கடையில் உபயோகிக்கும் ஈஸ்ட் கட்டியில் ஒரு கிராம் எடுத்தால், அதில் ஆயிரம் கோடி உயிரணுக்கள் அளவில் இருக்கும்.

இவ்வளவு சிறிய உடலுக்குள் ஒரு கரு. அந்தக் கருவுக்குள் டி.என்.ஏ. என்ற நீண்ட இழைகள். முறுக்கிவிட்ட நூலேணியைப் போன்றது டி.என்.ஏ. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கயிறுகள், நடுவே படிகள். இந்தப் படிகள் நான்கே வகை இரசாயன எழுத்துக்களால் ஆனவை. உயிரணு என்ன செய்ய வேண்டும், எப்படி வாழ வேண்டும் என்ற உத்தரவுகள் எல்லாம் அந்த நான்கு எழுத்துக்களிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

ஈஸ்ட்டின் ஏணியில் சுமார் 1 கோடியே 20 லட்சம் படிகள் உண்டு. அவை 16 குரோமோசோம்களாகப் பிரிந்திருக்கின்றன. அவற்றில் சுமார் 6,000 ஜீன்கள் இருக்கின்றன. பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் ஒன்று கூடி இந்த எழுத்துக்கள் முழுவதையும் 1996-ம் ஆண்டில் படித்து முடித்தார்கள். கரு உள்ள உயிரணுவில் இப்படி முழுமையாகப் படிக்கப்பட்ட முதல் உயிர் ஈஸ்ட்தான்.

அந்த 16 இழைகளையும் நீட்டி ஒன்றன் முனையில் ஒன்றாக வைத்தால் நீளம் 4 மில்லி மீட்டர் இருக்கும். அதாவது உயிரணுவின் குறுக்களவைப் போல எண்ணூறு மடங்கு! நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள டி.என்.ஏ.வை இப்படி நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும்.

இவ்வளவு நீளமான நூல் அறாமல் இருக்குமா? எக்ஸ்ரே பட்டால் அறுகிறது. சில இரசாயனங்கள் பட்டால் அறுகிறது. ஒன்றுமே படாவிட்டாலும், உயிரணு தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் வேலையின்போது தானாகவே அறுகிறது. ஏணியின் ஒரு பக்கத்துக் கயிறு மட்டும் அறுந்தால் பெரிய ஆபத்தில்லை. மறுபக்கத்துக் கயிறு தாங்கிக்கொள்ளும். இரண்டு கயிறுகளும் ஒரே இடத்தில் அறுந்துவிட்டால்தான் வந்தது விபத்து! ஏணி இரண்டு துண்டாகிவிடுகிறது. நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றிலும் இத்தகைய அறுப்பு நாளொன்றுக்குப் பத்து என்ற அளவில் நேருவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் நாம் எப்படி உயிரோடு இருக்கிறோம்?

செல்லரித்த சுவடி

டாக்டர் உ. வே. சாமிநாதையர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த வரலாறு நம்மில் பலருக்குத் தெரியும். ஒரு சுவடி செல்லரித்திருக்கும். நடுவே ஏடுகள் முறிந்து, வரிகள் காணாமற் போயிருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தாமே கற்பனை செய்து இட்டு நிரப்பினால் அது நூலாகாது. ஆகவே அவர் ஊர் ஊராகச் சென்று அதே நூலின் வேறு பிரதிகளைத் தேடினார். ஒன்றில் சிதைந்த இடம் மற்றொன்றில் முழுமையாக இருக்கும். அதைப் பார்த்து இதைச் சரிசெய்தார்.

ஈஸ்ட் செய்வதும் அதே காரியந்தான். அறுந்த இழையின் முனைகளை வெறுமனே சேர்த்து ஒட்டிவிடும் முறையும் உயிரணுக்களில் உண்டு. நம் உடலில் அம்முறை அதிகமாகவே வழங்குகிறது. ஆனால் அப்படி ஒட்டும்போது ஒட்டிய இடத்தில் சில எழுத்துக்கள் உதிர்ந்துவிடக்கூடும். ஈஸ்ட் பெரிதும் நம்பியிருப்பது வேறு முறையை. அதே எழுத்துக்கள் உள்ள இன்னொரு பிரதியைத் தேடிப் பிடிக்கிறது, அதைப் பார்த்து, விட்டுப்போனதை எழுதிக்கொள்கிறது, பிறகு ஒட்டுகிறது. இதற்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் மறு இணைப்பு.

இந்த இரகசியம் ஒரே நாளில் வெளிப்படவில்லை. அதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

இரண்டு பிரதி இருந்தால் பிழைக்கும்

ஈஸ்ட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. குரோமோசோம் ஒவ்வொன்றிலும் ஒரே பிரதியை வைத்துக்கொண்டும் அது வாழும். ஆணும் பெண்ணும்போல் இரு வகை ஈஸ்ட்கள் கூடி, இரண்டிரண்டு பிரதிகளுடனும் வாழும்.

1949-ம் ஆண்டில் பிரான்ஸில் ரேமண்ட் லத்தார்ஷே, போரிஸ் எப்ருஸி என்ற இருவர் இரண்டு வகை ஈஸ்ட்கள் மீதும் எக்ஸ்ரேயைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். ஒற்றைப் பிரதி ஈஸ்ட்கள் மளமளவென்று மடிந்தன. இரட்டைப் பிரதி ஈஸ்ட்களோ நெடுநேரம் தாக்குப் பிடித்தன.

1954-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் மார்ட்டிமர் முதலானோர் இன்னொரு புதுமையைக் கூறினார்கள். ஒற்றைப் பிரதி ஈஸ்ட்களிலும், மொட்டு விட்டுக்கொண்டிருப்பவை மட்டும் எக்ஸ்ரேயைத் தாங்குகின்றன என்பதே அது. ஈஸ்ட் பெருகுவது மொட்டு விட்டுத்தான். தாயின் உடலில் சிறு மொட்டாகத் தோன்றி, வளர்ந்து, பிரிந்து போவதே சேய். சேய்க்குக் கொடுப்பதற்காகத் தாய் தன் டி.என்.ஏ.வை இரண்டாகப் பிரதி எடுத்திருக்கும் சமயம் அது. அப்போது அதனிடமும் இரண்டு சுவடிகள் இருக்கின்றன அல்லவா?

ஒரு பிரதி கெட்டால் மற்றது வேலை செய்யும். அதனால்தான் பிழைக்கிறது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி அப்புறம் தெரிய வந்தது.

எழுதத் தெரிந்தவன் யார்?

கதிர்களைத் தாங்க முடியாத ஊனமுற்ற ஈஸ்ட் வகைகளை விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தார்கள். எந்த ஜீன் கெட்டதால் இந்த ஊனம் என்று ஆராய்ந்து, அவற்றுக்கு 'ராட்' என்று பெயரிட்டு எண் கொடுத்தார்கள். 'ரேடியேஷன்' என்ற சொல்லின் முற்பகுதிதான் அந்த ராட். ஊதா கடந்த கதிர்களைத் தாங்காதவற்றுக்கு 1 முதல் 49 வரை. எக்ஸ்ரேயைத் தாங்காதவற்றுக்கு 50-லிருந்து மேலே. 1974-ல் ஜான் கேம், ராபர்ட் மார்ட்டிமர் இருவரும் ராட்-50 முதல் ராட்-57 வரையிலான ஜீன்களைப் பற்றி எழுதினார்கள்.

இவற்றில் தலைமையானது ராட்-52. இந்த ஜீன் கெட்டுப்போன ஈஸ்ட்டிடம் இரண்டு பிரதிகள் இருந்தும் பயனில்லை! ஒன்றிரண்டு அறுப்புக்களே அதைக் கொன்றுவிடப் போதுமானவை என்று 1970-களின் நடுவில் கண்டார்கள். இரண்டாவது பிரதி சும்மா துணைக்கு நின்றால் போதாது. அதைப் பார்த்து எழுதுகிறவன் வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. வீட்டுப் பரணில் நல்ல சுவடி இருந்தும், படித்து எழுதத் தெரிந்தவர் இல்லாவிட்டால் என்ன லாபம்?

ஓட்டையை நிரப்பிய ஈஸ்ட்

1981-ல் டெர்ரி ஆர்-வீவர் என்ற ஆராய்ச்சி மாணவியும், அவருடைய ஆசிரியர் ஜாக் ஷோஸ்டாக்கும், ராட்னி ராத்ஸ்டீன் என்பவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வளையமாக உள்ள ஒரு சிறு டி.என்.ஏ. துண்டை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஈஸ்ட்டின் ஜீன் ஒன்று இருந்தது. அந்த ஜீனின் நடுவே ஒரு பகுதியை வெட்டி எடுத்து எறிந்துவிட்டு, ஓட்டை விழுந்த துண்டை ஈஸ்ட்டுக்குள் செலுத்தினார்கள்.

என்ன நடந்தது? ஈஸ்ட் தன் குரோமோசோமில் அதே ஜீன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தது. அதைப் பார்த்து, வெட்டி எறியப்பட்ட பகுதியை எழுத்துப் பிசகாமல் எழுதி நிரப்பிவிட்டது! ராட்-52 கெட்ட ஈஸ்ட்டினால் இந்த ஓட்டையை நிரப்ப முடியவில்லை.

1983-ல் இம்மூவரும் பிராங்க்ளின் ஸ்டால் என்பவருடன் சேர்ந்து, அறுப்பிலிருந்து ஒட்டு வரையில் என்னென்ன நடக்கக்கூடும் என்று படம் போட்டு விளக்கினார்கள். பெற்றோரின் ஜீன்கள் பிள்ளைகளிடம் கலந்து வருவதற்கும் இத்தகைய அறுப்பே ஆரம்பம் என்று அவர்கள் துணிந்து கூறினார்கள். அது உண்மையே என்று பின்னால் நிரூபணமாயிற்று. இனப்பெருக்க அணுக்களை உண்டாக்கும்போது, 'ஸ்போ-11' என்ற புரோட்டீனைக் கொண்டு உயிரணு தன் இழைகளைத் தானே நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் வெட்டிக்கொள்கிறது என்பது 1997-ல் தெரிந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இல்லாததற்கு இது ஒரு காரணம். ஆக, காயத்தை ஆற்றும் அதே வேலைதான் தலைமுறைகளைக் கலக்கும் வேலையையும் செய்கிறது.

தேடிப் பிடிக்கும் வேலை

சரி, ஒட்டும் வேலை எப்படி நடக்கிறது?

முதலில் சில புரோட்டீன்கள் ஓடிவந்து, அறுந்த முனைகளைப் பிடித்துக்கொள்கின்றன. முனையில் ஒரு கயிற்றை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து நீக்குகின்றன. இதனால் மற்றக் கயிறு துணையில்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த ஒற்றைக் கயிற்றின் மீது ராட்-51 என்ற புரோட்டீன், மணி கோத்தாற்போல் வரிசையாக உட்காருகிறது. அதை அப்படி உட்கார வைப்பதுதான் ராட்-52-ன் வேலை.

இனிமேல்தான் தேடல். மணி கோத்த அந்தக் கயிறு கருவுக்குள் அலைகிறது. ஏணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, 'இது என் எழுத்தா, இது என் எழுத்தா' என்று ஒத்துப் பார்க்கிறது. பொருந்திய இடம் கிடைத்தவுடன் அந்த ஏணிக்குள் நுழைந்து, ஒரு பக்கத்துக் கயிற்றை விலக்கி, மறுபக்கத்துடன் தான் ஜோடி சேர்ந்துகொள்கிறது. அந்தப் பிரதியைப் பார்த்து எழுத்துக்களை நீட்டிக்கொள்கிறது. வேலை முடிந்ததும் வெளியே வந்து, அறுந்த மறுமுனையுடன் சேர்ந்துவிடுகிறது. ராட்-51 இப்படிக் கயிறு மாற்றும் வித்தையைச் செய்வதை, 1994-ல் பாட்ரிக் சங் என்ற விஞ்ஞானி சோதனைக் குழாயிலேயே செய்து காட்டினார்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது? ஈஸ்ட்டுக்கு 'ஹெச்.ஓ.' என்ற கத்தரிக்கோல் ஒன்று இயற்கையிலேயே உண்டு. தன் இனத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்போது மூன்றாவது குரோமோசோமில் ஒரே ஓர் இடத்தை அது வெட்டும். அதே குரோமோசோமின் இரு கோடிகளிலும் சும்மா வைத்திருக்கும் இரண்டு பிரதிகளில் ஒன்றைப் பார்த்து அந்த இடத்தைத் திருத்தி எழுதிக்கொள்ளும். இந்தக் கத்தரிக்கோலைத் தாம் விரும்பிய நேரத்தில் வேலை செய்ய வைக்க விஞ்ஞானிகள் வழி கண்டார்கள். காலக்டோஸ் என்ற சர்க்கரையைக் கொடுத்தால் போதும். கத்தரிக்கோல் உடனே புறப்பட்டுவிடும்! அமெரிக்காவில் பிராண்டைஸ் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜேம்ஸ் ஹேபர் இம்முறையைக் கொண்டு பழுது பார்க்கும் வேலையை நிமிஷக் கணக்கில் அளந்தார். வெட்டியதிலிருந்து ஒட்டி முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம்!

ஒரே கூரையின் கீழ்

ரொட்டி மாவுக்குள் ஆஸ்பத்திரி என்று தலைப்பிட்டது வெறும் அலங்காரத்துக்காக அல்ல. ராட்-52 புரோட்டீனுடன் ஒளிரும் புரோட்டீன் ஒன்றை இணைத்துவிட்டு, நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் ராத்ஸ்டீனின் ஆராய்ச்சிக் குழுவினர் மைக்ராஸ்கோப் வழியே ஈஸ்ட்டைக் கவனித்தார்கள். இழை அறாத உயிரணுவில் ஒளி கரு முழுவதும் மங்கலாகப் பரவியிருந்தது. இழை அறுந்ததும், அது ஓர் இடத்தில் குவிந்து புள்ளியாகப் பளிச்சிட்டது.

பல இடங்களில் அறுந்தால் பல புள்ளிகள் தோன்ற வேண்டுமல்லவா? அதுதான் இல்லை! வெவ்வேறு குரோமோசோம்களில் நேர்ந்த அறுப்புக்கள் ஒரே புள்ளிக்கு வந்து சேர்ந்தன. இது 2003-ம் ஆண்டில் வெளியான செய்தி. வைத்தியர் வீடு வீடாகப் போகவில்லை. காயம்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறார்கள்! இழை அறுந்த முனைகள் கருவுக்குள் முன்னைவிட அதிகத் தூரம் உலாவுகின்றன என்பதும் 2012-ல் தெரியவந்தது. பிரதியைத் தேடும் வேலைக்கு இந்த ஓட்டம் உதவும் என்று கருதுகிறார்கள்.

பதறாத காரியம் சிதறாது

ஆஸ்பத்திரி இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது. நோயாளி படுக்கையில் கிடக்க மறுத்தால் என்ன ஆகும்?

இக்கேள்விக்கு விடை கூறியது சியாட்டில் நகரில் நடந்த ஓர் ஆராய்ச்சி. வாஷிங்டன் சர்வகலாசாலையில் லீலண்ட் ஹார்ட்வெல்லும் டெட் வைனர்ட்டும் செய்த அந்த ஆராய்ச்சி 1988-ல் வெளிவந்தது. எக்ஸ்ரே பட்ட சாதாரண ஈஸ்ட், மொட்டு பெரிதானதும் அப்படியே நின்றுவிடுகிறது. தாயும் சேயும் பிரியாமல், ஒட்டிய நிலையிலேயே காத்திருக்கின்றன. இழைகளை ஒட்டி முடித்த பிறகே பிரிகின்றன. ஆனால் ராட்-9 என்ற ஜீன் கெட்ட ஈஸ்ட் நிற்பதில்லை. அறுந்த குரோமோசோம்களோடு அவசர அவசரமாகப் பிரிந்து, சில தலைமுறைகளிலேயே மடிந்துவிடுகிறது.

ராட்-9 கெட்டால் ஒட்டும் சக்தி போய்விடுகிறதா? இதை அறிய அவர்கள் செய்த உபாயம் வெகு எளிமையானது. உயிரணுப் பிரிவதைத் தற்காலிகமாகத் தடுக்கும் ஒரு மருந்தைக் கொடுத்து, ராட்-9 கெட்ட ஈஸ்ட்களைச் சில மணி நேரம் கட்டாயமாக நிறுத்தி வைத்தார்கள். பிறகு விடுவித்தார்கள். மடிந்திருக்க வேண்டிய ஈஸ்ட்களில் கணிசமானவை பிழைத்துக்கொண்டன!

ஒட்டத் தெரியாததனால் அவை சாகவில்லை. பொறுத்திருக்கத் தெரியாததனால் செத்தன! 'பதறாத காரியம் சிதறாது' என்று நம் பெரியவர்கள் சொன்னதை அணுவளவான ஓர் உயிரும் அறிந்து வைத்திருக்கிறது. உயிரணுவின் இந்தக் காவல் சாவடிகளைப் பற்றிய ஆராய்ச்சியும், உயிரணுப் பிரிவை நடத்தும் ஜீன்களைப் பற்றிய ஆராய்ச்சியும் சேர்ந்து, 2001-ல் ஹார்ட்வெல்லுக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தன.

பொறுமைக்கும் எல்லை உண்டு. ஒட்டவே முடியாதபடி ஓர் இடத்தில் அறுந்துவிட்டால் ஈஸ்ட் என்ன செய்கிறது? பிரியாமல் எட்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கிறது. சாதாரணமாக ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தலைமுறையை முடித்துவிடும் உயிருக்கு இது மிக நீண்ட காலம். அப்புறம், அறுந்த நூலுடனேயே பிரியத் துணிந்துவிடுகிறது. இரண்டு இடங்களில் அப்படி அறுந்திருந்தாலோ நிரந்தரமாக நின்றுவிடுகிறது. 1998-ல் ஹேபரின் குழுவினர் இதைக் கண்டார்கள்.

வரி தவறிய எழுத்தாளர்

பார்த்து எழுதும் முறையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஏடு பெயர்த்து எழுதுகிறவர், ஒரே மாதிரியான அடி இரண்டு இடங்களில் வந்தால், கண் தவறி ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குத் தாவிவிடுவதுண்டு. டி.என்.ஏ.விலும் திரும்பத் திரும்ப வரும் வரிகள் ஏராளம். தவறான இடத்தைச் சரியான பிரதி என்று எண்ணி ஒட்டிவிட்டால், ஒரு குரோமோசோமின் தலை வேறொன்றின் வாலுடன் சேர்ந்துவிடும். பல புற்றுநோய்க் கட்டிகளில் இத்தகைய தாறுமாறான குரோமோசோம்களைக் காணலாம்.

இதைத் தடுக்கவும் ஈஸ்ட்டில் காவலர்கள் இருக்கிறார்கள். ரிச்சர்ட் கோலோட்னர் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஒரு குரோமோசோமின் கோடிப் பகுதி பறிபோவதைக் கணக்கிட ஒரு சோதனையை அமைத்தார். நல்ல நிலையிலுள்ள ஈஸ்ட், ஆயிரம் கோடி தடவை பிரிந்தால் மூன்று நான்கு தடவையே இந்தத் தவறு நேர்ந்தது. முனைகளைப் பிடிக்கும் புரோட்டீன்கள் கெட்டபோது அது நூற்றுக்கணக்கான மடங்கு பெருகியது.

'எஸ்.ஜி.எஸ்.-1' என்ற காவலர் ஈஸ்ட்டில் கெட்டால், வேண்டாத மறு இணைப்புக்கள் மிகுந்துவிடுகின்றன. மனிதரிலும் அதன் உறவினர் ஒருவர் உண்டு. அந்த ஜீன் கெட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு வருவது புளூம் நோய். குட்டையான உடல், வெயில் தாங்காத தோல், இளம் வயதிலேயே புற்றுநோய் என்று அவர்கள் படும் துன்பம் பெரிது. அந்த ஜீன் எது என்பது 1995-ல் கண்டறியப்பட்டது.

நம் வீட்டுக் கதை

இப்போது ஈஸ்ட்டை விட்டு நம் வீடுகளுக்கு வருவோம். 1990-ல் மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, குடும்பங்களில் தொடர்ந்து வரும் மார்புப் புற்றுநோய்க்குக் காரணமான ஒரு ஜீன் மனிதரின் 17-வது குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994-ல் அந்த ஜீன் பிடிபட்டது, அதுவே பி.ஆர்.சி.ஏ.-1. அடுத்த ஆண்டே பி.ஆர்.சி.ஏ.-2 என்ற இன்னொன்றும் பிடிபட்டது.

இந்த ஜீன்கள் உடலில் என்ன வேலை செய்கின்றன? 1997-ல் விடை கிடைத்தது. அவை ராட்-51-ன் கூட்டாளிகள்! ஈஸ்ட்டின் ராட்-51 போலவே மனிதரிலும் ராட்-51 உண்டு. ஈஸ்ட்டில் ராட்-52 செய்யும் வேலையை, அதாவது மணி கோக்கும் வேலையை, மனிதரில் பி.ஆர்.சி.ஏ.-2 செய்கிறது. ஈஸ்ட்டில் பல ஆண்டுகள் பாடுபட்டு எழுதிய புத்தகம் இல்லாதிருந்தால், இந்தப் புதிய ஜீன்களின் மொழி அவ்வளவு விரைவில் விளங்கியிருக்காது.

பி.ஆர்.சி.ஏ.-1 பழுதாகப் பிறந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்புப் புற்றுநோய் வருகிறது. சினைப்பைப் புற்றுநோய் வருவதும் மற்றவர்களைவிட மிக அதிகம். இது தாய் வழியில்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தந்தை வழியிலும் வரும். அத்தைக்கும் தந்தையைப் பெற்ற பாட்டிக்கும் இளவயதில் இந்த நோய் வந்திருந்தால், அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழுதான ஜீன் இருக்கிறதா என்று இரத்தச் சோதனையில் அறிய இன்று வழி இருக்கிறது. பழுது இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதில்லை; முன்கூட்டியே கண்காணிக்கவும் தடுக்கவும் அவகாசம் கிடைக்கிறது என்பதே முக்கியம்.

எதிரியின் பலவீனம்

இந்தக் கதையில் ஒரு திருப்பமும் உண்டு. ஒட்டத் தெரியாத உயிரணு புற்றாகிறது என்றால், அந்தப் புற்றுக்கும் ஒட்டத் தெரியாது அல்லவா? அதுவே அதன் பலவீனம். ஈஸ்ட்டில் இரண்டு ஜீன்களில் ஏதேனும் ஒன்று கெட்டால் உயிர் தப்பும். இரண்டும் சேர்ந்து கெட்டால் மடியும் என்ற ஜோடிகள் பல உண்டு. இத்தகைய ஜோடிகளைத் தேடிப் புற்றுநோய்க்கு மருந்து காணலாம் என்று 1997-ல் ஹார்ட்வெல்லும் நண்பர்களும் எழுதினார்கள்.

எட்டு ஆண்டுகளில் அது கைகூடியது. 'பார்ப்' என்ற புரோட்டீன் ஏணியின் ஒரு பக்கத்துக் கயிறு அறுந்தால் பழுது பார்க்க உதவுவது. அதைத் தடுத்தால், சிறு அறுப்புக்கள் பிரதி எடுக்கும் சமயத்தில் பெரிய அறுப்புக்களாக மாறுகின்றன. நல்ல உயிரணு மறு இணைப்பால் ஒட்டிக்கொண்டு தப்புகிறது. பி.ஆர்.சி.ஏ.வை இழந்த புற்று உயிரணுவோ ஒட்ட வழியின்றி மடிகிறது. 2005-ல் பிரிட்டனிலிருந்து இரண்டு குழுவினர் இதை ஒரே சமயத்தில் அறிவித்தார்கள். அந்த வழியில் வந்த 'ஒலாபரிப்' என்ற மருந்து 2014-ல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. மார்புப் புற்றுநோய் முதலிய வேறு சிலவற்றுக்கும் பின்னர் அனுமதி கிடைத்தது.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சில கட்டிகள், கெட்ட ஜீனில் இன்னொரு மாறுதல் நேர்ந்து, ஒட்டும் வித்தையை மறுபடியும் கற்றுக்கொண்டு விடுகின்றன. அப்போது மருந்து பலிப்பதில்லை. போர் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நாளைக் காலையில் ரொட்டியைப் பிய்க்கும்போது அந்தத் துளைகளை ஒரு கணம் பாருங்கள். அதை உப்ப வைத்த ஆயிரமாயிரம் கோடி உயிர்கள், அறுந்ததை ஒட்டியும், ஒட்டும் வரையில் பொறுத்தும் வாழ்ந்தவை. உங்கள் உடலின் உயிரணுக்களும் இந்த நிமிஷத்தில் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. அந்த வேலை நமக்குத் தெரியாமலே நடக்கிறது. அதைத் தெரிந்துகொண்டதனால் இன்று சில குடும்பங்களில் ஒரு தாய் தன் மகளின் கல்யாணத்தைக் கண்ணால் பார்க்கிறாள்.